கைக்குழந்தை, கேமரா, கடற்கரை: அம்மாக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரை உள்ள கடற்கரைகளுக்குப் பிள்ளைகளோடு போகிற, போன இடத்தில் நாலு நல்ல படம் எடுக்க ஆசைப்படுகிற அம்மாக்களுக்கான பக்கம் இது. போனில் எடுப்பவர்களுக்கும் பெரிய கேமரா வைத்திருப்பவர்களுக்கும் பொருந்தும். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு விதி. அலை காலைத் தொடும் இடத்தில் உங்கள் கையில் பிள்ளை இருக்கலாம், இல்லாவிட்டால் கேமரா இருக்கலாம். இரண்டும் சேர்ந்து இருக்கவே கூடாது. கீழே உள்ள பதில்களில் பல இந்த விதியிலிருந்து வந்தவைதான்.

எத்தனை மாதக் குழந்தையைக் கடற்கரைக்குத் தூக்கிப் போகலாம்?

காற்று வாங்கக் கூட்டிப் போவது வேறு, கடலில் கால் நனைப்பது வேறு. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை மேல் நேர் வெயில் படக் கூடாது. அந்த வயதில் தோல் மிக மெல்லியது என்பதால் சன்ஸ்கிரீனும் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை. நிழல், முழுக்கை பருத்திச் சட்டை, காதை மூடும் தொப்பி, இவ்வளவுதான் பாதுகாப்பு. காலை எட்டு மணிக்கு முன்பும் மாலை நாலரைக்குப் பின்பும் போவது நல்லது. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு வெயில் என்பதற்காகத் தண்ணீர் கொடுக்க வேண்டாம். வழக்கத்தைவிட அடிக்கடி பால் கொடுத்தால் போதும், ஆனால் நீங்கள் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும்.

ஆறு மாதம் தாண்டிய பிள்ளைக்கு எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேல், துத்தநாக ஆக்சைடு கலந்த சன்ஸ்கிரீனை, வெயிலில் இறங்குவதற்குக் கால் மணி நேரம் முன்பே தடவுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையும், தண்ணீரில் நனைந்து துவட்டிய பிறகும் மறுபடி தடவ வேண்டும். அம்மாக்கள் மறந்துபோகும் இடங்கள் காது மடல், பின்கழுத்து, புறங்கால்.

பிள்ளை சோர்ந்து, விளையாட மனமில்லாமல், பால் குடிக்க மறுத்தால், ஐந்தாறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமல் இருந்தால், படம் எடுப்பதை விட்டுவிட்டு நேரே மருத்துவரிடம் போங்கள்.

நல்ல வெளிச்சம் எப்போது கிடைக்கும்?

நம் கிழக்குக் கடற்கரையில் சூரியன் கடலிலிருந்து எழுந்து ஊருக்குப் பின்னால் மறைகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

சென்னையில் மே கடைசி, ஜூன் தொடக்கத்தில் சூரிய உதயம் சுமார் 5.42 மணிக்கு. ஜனவரி கடைசியில் 6.35-ஐத் தாண்டும். உதயத்துக்கு இருபது நிமிடம் முன்பே வானத்தில் நிறம் ஏறத் தொடங்கிவிடும். அந்த இருபது நிமிடம்தான் அழகு, சூரியன் தலைகாட்டிய பிறகு கிளம்பிப் போகிறவர்கள் அதைத் தவறவிடுகிறார்கள். அந்த நேரத்தில் பிள்ளையைக் கடல் பக்கம் நிறுத்தினால் நிழலுருவம் கிடைக்கும். முகம் தெரிய வேண்டுமானால் பிள்ளை கடலைப் பார்த்து நிற்க வேண்டும், நீங்கள் கடலுக்கு முதுகு காட்டி நிற்க வேண்டியிருக்கும். அப்படி நிற்பதானால் அலை எட்டாத காய்ந்த மணலில் மட்டும் நில்லுங்கள். உதயமாகி அரை மணி நேரத்தில் வெளிச்சம் கூசத் தொடங்கி, பிள்ளை கண்ணைச் சுருக்கிக்கொள்ளும்.

மாலையில் எல்லாம் தலைகீழ். பிள்ளை கடலுக்கு முதுகு காட்டி நம்மைப் பார்த்து நின்றாலே முகத்தில் பொன்வெயில் விழும், பின்னால் கடல் நீலமாகவே இருக்கும். குழந்தைப் படங்களுக்கு நாங்கள் முதலில் சொல்வது இந்த நேரத்தைத்தான். ஆனால் கரையை ஒட்டிக் கட்டடங்களோ சவுக்குத் தோப்போ இருந்தால் அவற்றின் நிழல் அஸ்தமனத்துக்கு வெகு முன்பே மணலை மூடிவிடும். முந்தின நாளே ஒரு முறை பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.

சூரியன் மறைந்ததும் மூட்டை கட்டிவிடாதீர்கள். வானம் தெளிவாக இருந்தால், பத்துப் பதினைந்து நிமிடம் கழித்துக் கடல் பக்கம் திரும்பிப் பாருங்கள். கடலை ஒட்டிச் சாம்பல் நீலத்தில் ஒரு பட்டை, அதற்கு மேலே இளஞ்சிவப்பில் ஒரு பட்டை தெரியும். கீழே இருப்பது பூமியின் நிழல். அந்த ஒளி எந்தப் பக்கமிருந்தும் கூசாது, பிள்ளையின் முகத்தில் நிழலே விழாது.

கடலில் நிலா எழுவதைப் பிள்ளையோடு சேர்த்து எடுக்க முடியுமா?

முடியும், பௌர்ணமிக்கு முந்தின நாள் போங்கள். பௌர்ணமியன்று நிலா எழுவது ஏறக்குறைய சூரியன் மறையும் நேரத்தில். கடலோர மூட்டத்தைத் தாண்டி அது கண்ணுக்குத் தெரிவதற்குள் இருட்டிவிடும், நிலா வெள்ளைப் பொட்டாகவும் பிள்ளை கறுப்பாகவும் பதியும். முந்தின நாள் நிலா முக்கால் மணி நேரம் போல முன்னதாகவே வந்துவிடுவதால் பகல் வெளிச்சம் மிச்சமிருக்கும், இரண்டும் ஒரே படத்தில் அடங்கும். பிள்ளையை விட்டு நன்றாக விலகி நின்று ஜூம் செய்தால்தான் நிலா பெரிதாகத் தெரியும். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் கடல் வழக்கத்தைவிட மேலே ஏறும் என்பதால் பையையும் பாயையும் கூடுதலாகப் பத்தடி தள்ளியே வையுங்கள்.

கன்னியாகுமரியில் உதயம், அஸ்தமனம் இரண்டும் கடலிலேயே தெரியுமா?

ஆண்டு முழுக்கத் தெரியாது. அஸ்தமனம் கடலில் விழுவது ஏறக்குறைய அக்டோபர் நடுவிலிருந்து மார்ச் நடு வரை. மற்ற மாதங்களில் சூரியன் வடக்கே நகர்ந்து நிலத்துக்குப் பின்னால் மறையும்.

நடுப்பகலில்தான் போக முடிகிறது. ஏதாவது வழி உண்டா?

கரையேற்றி வைத்த ஃபைபர் படகின் நிழலைத் தேடுங்கள். நிழலின் உள்ளே ஆழமாக உட்கார வைக்காமல், விளிம்பிலிருந்து ஒரு சாண் உள்ளே, வெயில் படும் மணலைப் பார்த்து உட்கார வையுங்கள். வெண்மணல் கீழிருந்து ஒளியைத் திருப்பி அனுப்பி, கண்ணுக்குக் கீழே விழும் கருநிழலை அழித்துவிடும். படகுக்காரர் அருகில் இருந்தால் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். படகுக்குள் தூண்டில் முள் கிடக்கும், பிள்ளையை ஏற்றவே வேண்டாம். மணல் சூட்டைப் புறங்கையால் ஐந்து விநாடி தொட்டுப் பாருங்கள். உங்களால் வைத்திருக்க முடியவில்லை என்றால் பிள்ளையின் பாதம் தாங்காது.

படத்தில் பிள்ளையின் முகம் கறுத்துப்போகிறது. ஏன்?

கடல், மணல், வானம் மூன்றும் பளீரென்று இருப்பதால் கேமரா ‘வெளிச்சம் அதிகம்’ என்று கணக்குப் போட்டு மொத்தப் படத்தையும் இருட்டாக்கிவிடுகிறது. போனில் பிள்ளையின் முகத்தைத் தொடுங்கள், பக்கத்தில் வரும் சூரியக் குறியை மேலே கொஞ்சம் தள்ளுங்கள். பெரிய கேமராவில் எக்ஸ்போஷரை +0.7 அல்லது +1 வையுங்கள். நிழலுருவம் வேண்டுமானால் வானத்தைத் தொட்டு, குறியைக் கீழே தள்ளுங்கள். நிழலுருவத்தில் கை கால்கள் உடம்போடு ஒட்டாமல் விலகியிருக்க வேண்டும். பிள்ளை குதிக்கும் கணம் இதற்கு அருமையாக அமையும்.

இன்னொன்று, கடலின் கிடைக்கோடு பிள்ளையின் கழுத்தை வெட்டுவது போல் வந்துவிடும். கேமரா பிள்ளையின் கழுத்து உயரத்தில் இருப்பதால் வரும் கோளாறு அது. முட்டி போட்டு உட்கார்ந்து, கேமராவைப் பிள்ளையின் மார்புக்குக் கீழே இறக்குங்கள், தலை கோட்டுக்கு மேலே வானத்தில் நிற்கும்.

லென்ஸில் விழும் காட்சியைக் கண்ணை ஒட்டிய துளை வழியாக நேரே பார்க்கும் டிஎஸ்எல்ஆர் கேமராவில், மேலே ஏறிவிட்ட சூரியனை ஜூம் லென்ஸ் போட்டுப் பார்க்காதீர்கள். கண் கெட்டுப்போகும். பின்திரையில் பாருங்கள்.

ஓடுகிற பிள்ளை மங்கலாகப் பதிகிறது.

ஷட்டர் வேகம் போதவில்லை. ஓடும் பிள்ளைக்கு விநாடியில் 1/1000, தண்ணீரை வாரி இறைக்கும்போது 1/2000 வேண்டும். வெளிச்சம் குறைந்தால் ஐஎஸ்ஓ-வை (கேமராவின் ஒளியுணர்வு அளவு) ஏற்றுங்கள், சற்றுப் புள்ளி விழுந்தாலும் மங்கலைவிட மேல். போனில் ‘பர்ஸ்ட்’ முறையில் தொடர்ச்சியாக எடுத்து, ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அன்றிரவே அழியுங்கள். பிள்ளையைத் துரத்தாதீர்கள். ஓடி வரப்போகும் இடத்தில் முதலில் போய் உட்கார்ந்துகொள்ளுங்கள்.

அலையைப் பால் போல எடுக்க முக்காலியும், அரை விநாடியிலிருந்து இரண்டு விநாடி வரை ஷட்டரும் வேண்டும், பகலில் வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டரும் சேரும். பிள்ளை அசையாமல் நிற்காது, ஆகவே அது அவர்கள் தூங்கும்போது எடுக்க வேண்டிய படம்.

எந்தக் கடற்கரை பிள்ளைகளுக்குத் தோது?

கழிப்பறையை வைத்துத்தான் நாங்கள் கடற்கரையை அளக்கிறோம். சென்னைக்குத் தெற்கே உள்ள கோவளம் 2021-ல், தூய்மையான, பாதுகாப்பான கடற்கரைகளுக்குத் தரும் சர்வதேச நீலக்கொடிச் சான்று பெற்றது. கழிப்பறை, உடை மாற்றும் அறை, உயிர்காப்பாளர்கள் எல்லாம் அந்தச் சான்றுக்கான நிபந்தனைகளில் அடக்கம். புதுச்சேரி கடற்கரைச் சாலை தள்ளுவண்டிக்கு ஏற்றது. மாலையில் அங்கே மோட்டார் வண்டிகளை விடுவதில்லை, பாறைகள் மேல் மட்டும் பிள்ளைகளை ஏற விடாதீர்கள், பாசி வழுக்கும். மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலில் 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை. கோயில் தொல்லியல் துறையின் கையில் இருப்பதால் முக்காலிக்கு அனுமதி வாங்க வேண்டும். மெரினாவில் குளிக்கத் தடை உண்டு, மணல் அகலமும் அதிகம், தள்ளுவண்டிச் சக்கரம் புதையும். துணித்தூளியில் மார்போடு கட்டிக்கொண்டு போவது எளிது.

1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடியில் நிழல் என்று ஒன்றும் கிடையாது, அரிச்சல்முனையில் காற்று பிள்ளையைத் தள்ளும். தண்ணீரும் குடையும் கொண்டு, விடிகாலையில் போய் ஒன்பது மணிக்குள் திரும்பிவிடுங்கள். அங்கே ஒரு பக்கம் பாக் நீரிணை, மறுபக்கம் மன்னார் வளைகுடா. அமைதியானதைப் பெண் கடல் என்றும் சீறுவதை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். வாடைக் காற்றுக் காலத்தில் பாக் நீரிணைப் பக்கமும் கொந்தளிக்கும், பெயரை நம்பி இறங்காதீர்கள்.

கடல் அமைதியாகத் தெரியும் இடத்தில் பிள்ளையை இறக்கலாமா?

இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. இரண்டு பக்கமும் அலை வெண்மையாக உடைந்துகொண்டிருக்க, நடுவில் ஒரு துண்டு மட்டும் அலையே இல்லாமல், சற்றுக் கருத்த நிறத்தில் இருந்தால் அது பாதுகாப்பான இடம் அல்ல. கரையேறிய தண்ணீர் திரும்பக் கடலுக்குள் ஓடும் பாதை அது. நுரையும் கலங்கிய மணலும் அந்தத் துண்டு வழியாக உள்நோக்கிப் போவதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் தெரியும். கடலரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிக் கொட்டிய தூண்டில் வளைவுக் கற்களை ஒட்டியும், ஆற்று முகத்துவாரத்திலும் இந்த இழுப்பு அதிகம். இழுப்பில் மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி நீந்தக் கூடாது. மிதந்தபடி, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேற வேண்டும்.

பிள்ளை இறங்கும் தண்ணீருக்கு அளவு, அதன் முழங்கால். உங்கள் முழங்கால் அல்ல.

வானம் வெளுத்து, காற்றே இல்லாத நாளிலும் கடல் திடீரென ஏறும். தொலைதூரக் கடலில் உண்டான பேரலை நாட்கணக்கில் பயணம் செய்து வந்து அடிப்பதை, குமரி, கேரளக் கரைகளில் கள்ளக்கடல் என்பார்கள். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டத்தில் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் உயிரிழந்தது அப்படி எச்சரிக்கை விடுத்திருந்த நாளில்தான். கிளம்பும் முன் இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையத்தின் அன்றைய எச்சரிக்கையைப் பாருங்கள், கரையில் நிற்கும் மீனவரையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

ஒருத்தியாகப் போகிறேன். படமும் எடுக்க வேண்டும், பிள்ளையையும் பார்க்க வேண்டும். என்ன செய்வது?

ஈர மணலில் படம் எடுக்காதீர்கள். பாயை அலையிலிருந்து முப்பது அடி தள்ளி விரித்து, மணல் வீடு கட்டுவது, சிப்பி பொறுக்குவது, பாதத் தடம் பதிப்பது, இதையெல்லாம் அங்கே எடுங்கள். குழி தோண்டினால் பிள்ளையின் முழங்கால் ஆழத்தோடு நிறுத்துங்கள், மணல் சரிந்தால் நொடியில் மூடிவிடும். தண்ணீரில் இறங்கும்போது போன் பைக்குள் போகட்டும். இரண்டு பெரியவர்கள் இருந்தால், “இப்போ நீங்க பாருங்க, நான் எடுக்கிறேன்” என்று வாய்விட்டுச் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று இருவரும் நினைத்த அரை நிமிடம்தான் ஆபத்தானது.

கூட்டத்தில் பிள்ளை தொலைந்துபோனால்?

கடற்கரையில் கால் வைத்ததும் எடுக்க வேண்டிய முதல் படம், பிள்ளையைத் தலை முதல் கால் வரை நேராக. அழகுக்காக இல்லை. என்ன நிறச் சட்டை என்று பதற்றத்தில் யாருக்கும் நினைவு வராது, இந்தப் படத்தைக் காவலரிடம் காட்டினால் போதும். உங்கள் போன் எண்ணைப் பிள்ளையின் முழங்கையின் உள்பக்கம் பேனாவால் எழுதுங்கள். காணும் பொங்கலன்று மெரினாவில் காவல்துறையே பிள்ளைகளின் கையில் அடையாளப் பட்டை கட்டுகிறது, கேட்டு வாங்கிக் கட்டுங்கள். அவசர எண் 112, குழந்தைகள் உதவி எண் 1098.

நீலம், வெள்ளை, சாம்பல் நிற உடைகள் தண்ணீரில் கரைந்துபோகும். ஆரஞ்சு, சிவப்பு, பளீர் மஞ்சள் போடுங்கள். தூரத்திலிருந்தும் தெரியும், படத்திலும் எடுப்பாக இருக்கும்.

மணல் ஒட்டி இடுக்கெல்லாம் சிவந்துவிடுகிறது.

உப்பும் மணலும் சேர்ந்து உரசுவதால் வருவது. துண்டால் தேய்த்துத் துடைத்தால் இன்னும் கீறும். இரண்டு லிட்டர் பாட்டிலில் நல்ல தண்ணீர் எடுத்து, மூடியில் ஏழெட்டு ஓட்டை போட்டுக் கொண்டு போங்கள். கவிழ்த்து அமுக்கினால் குட்டி ஷவர். கழுத்து, அக்குள், தொடை இடுக்கு என்ற வரிசையில் கழுவி, ஒற்றி எடுத்து, தேங்காய் எண்ணெயோ டயாபர் கிரீமோ தடவுங்கள். சாதாரண டயாபரோடு கடலில் விடாதீர்கள். தண்ணீரை உறிஞ்சிக் கனத்துத் தொங்கும், தொடையில் உரசும்.

நாய்கள் திரியும் காய்ந்த மணலில் பிள்ளையை வெறும் உடம்போடு உட்கார வைக்காதீர்கள், கொக்கிப்புழுவின் குஞ்சுகள் தோலுக்குள் நுழையும். இரண்டொரு நாளில் தோலில் அரிப்போடு கோடு போல வளைந்து நகர்ந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பால் கொடுக்க இடம்?

தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் ‘தாய்மார்கள் பாலூட்டும் அறை’ 2015-லிருந்து திறக்கப்பட்டு வருகிறது, கடற்கரைக்குப் போகும் முன்பும் திரும்பும்போதும் பயன்படுத்துங்கள். மணலில் கொடுப்பதானால் காற்று வீசும் பக்கத்துக்கு முதுகு காட்டி உட்காருங்கள், துப்பட்டா பறக்காது, குழந்தையின் கண்ணில் மணல் விழாது. மார்பில் படிந்த உப்பையும் சன்ஸ்கிரீனையும் நனைத்த துணியால் முதலில் துடையுங்கள்.

சொறி பட்டுவிட்டால்?

ஜெல்லி மீனைத்தான் கரையோரம் சொறி என்கிறார்கள். கரையில் செத்துக் கிடப்பதும் கொட்டும், படம் எடுப்பதற்காகக் கையில் தூக்காதீர்கள். பட்ட இடத்தைக் கடல் நீரால் கழுவுங்கள். நல்ல தண்ணீர் ஊற்றினால் வெடிக்காமல் மிச்சமிருக்கும் கொட்டும் செல்களும் வெடிக்கும். மணலால் தேய்க்கவும் கூடாது. ஒட்டிய இழைகளைச் சுரண்டாமல் இடுக்கியால் எடுங்கள். பிறகு கை பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் இருபது நிமிடம் வைத்தால் வலி குறையும், சூட்டைப் பெரியவர் கை வைத்துச் சோதித்த பிறகே. மூச்சு வாங்கினாலோ, முகம் வீங்கினாலோ, வாந்தி எடுத்தாலோ காத்திருக்க வேண்டாம், மருத்துவமனைக்குப் போங்கள்.

லென்ஸ் மேல் பனி மூடியது போல் ஆகிறது. கேமரா கெட்டுவிட்டதா?

கெடவில்லை. ஏசி அறையில் குளிர்ந்த கண்ணாடியில் கடலோரத்தின் ஈரக்காற்று பட்டதும் நீர் பூக்கிறது. அறையை விட்டு வெளியே வரும் முன் கேமராவை ஜிப் பைக்குள் போட்டு மூடுங்கள். வெளியே வந்து அரை மணி நேரம் பையிலேயே இருக்கட்டும், நீர் பையின் மேல்தான் பூக்கும். உதயத்துக்குப் போகிறவர்கள் இதைக் கணக்கில் வைத்து எழுந்திருக்க வேண்டும், இல்லையென்றால் சூரியன் மேலே வந்த பிறகுதான் லென்ஸ் தெளியும்.

உப்புத் துளி வேறு வகை. லென்ஸில் உப்பும் மணல் துகளும் ஒட்டியிருக்கும்போது சேலைத் தலைப்பால் துடைத்தால் கீறல் விழும். முதலில் ஊதுபந்தால் ஊதுங்கள், பிறகு லென்ஸ் திரவம் ஒரு சொட்டு விட்ட மைக்ரோஃபைபர் துணியால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் துடையுங்கள். முன்னால் ஒரு யுவி ஃபில்டர் போட்டுவிட்டால் கீறல் அதோடு போகும். கடற்கரையில் லென்ஸ் மாற்றவே மாற்றாதீர்கள். முக்காலியைத் தண்ணீரில் வைப்பதானால் மெல்லிய அடிக்காலை முதலில் முழுக்க இழுத்து விடுங்கள், பூட்டும் மூட்டு உப்புநீருக்கு மேலே நிற்கும். வீட்டுக்கு வந்ததும் முக்காலியை நல்ல தண்ணீரில் அலசுங்கள். கேமரா உடம்பை ஈரம் பிழிந்த துணியால் துடைத்தால் போதும்.

போன் கடலில் விழுந்துவிட்டது!

தண்ணீரும் தூசியும் புகாது என்று சொல்லும் ஐபி68 என்ற தரம் நல்ல தண்ணீரில் சோதித்துக் கொடுப்பது. உப்பு உலர்ந்து படியும்போதுதான் சார்ஜ் துளையை அரிக்கும். தண்ணீர் புகாத போன் என்றால் அணைத்துவிட்டு நல்ல தண்ணீரில் மெதுவாக அலசி, துளை கீழே பார்க்கும்படி தட்டி, மின்விசிறிக் காற்றில் ஒரு நாள் வையுங்கள். அதுவரை சார்ஜ் போடாதீர்கள். அந்தத் தரம் இல்லாத போன், பெரிய கேமரா என்றால் ஆன் செய்து பார்க்காமல், கழற்ற முடிந்தால் பேட்டரியையும் கார்டையும் கழற்றி, அன்றே பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள். அரிசிக்குள் புதைப்பதால் பலன் இல்லை, மாவுத் தூசிதான் துளைக்குள் போகும்.

மீனவர்களைப் படம் எடுக்கலாமா?

“அக்கா, ஒரு படம் எடுத்துக்கட்டுமா?” என்று கேட்டுவிட்டு எடுங்கள். மீன் ஏலம் போகும் நேரம் பிழைப்பு நேரம், குறுக்கே நிற்காதீர்கள். கரைவலை இழுக்கும்போது கயிற்றைத் தாண்டவோ மிதிக்கவோ கூடாது. வலையின் மடி கரைக்கு வந்ததும் நெத்திலியும் காரப்பொடியும் துள்ளுவதைப் பிள்ளைகளுக்குக் காட்ட அதைவிட நல்ல தருணம் இல்லை. மடிக்கு நாலடி தள்ளி உட்கார்ந்து, மீனை விட்டுவிட்டு, மீனைப் பார்க்கும் பிள்ளையின் கண்ணை எடுங்கள். காயப் போட்ட வலை மேல் பிள்ளைகள் ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். துறைமுகத்தில் வரிசையாக நிற்கும் படகுகளைப் படம் எடுக்க அந்த 61 நாட்கள் நல்ல காலம்.

ஜனவரி முதல் மார்ச் வரை கடலாமைகள் முட்டையிட வரும். ஆமையையோ குஞ்சையோ கண்டால் ஃபிளாஷும் டார்ச்சும் கூடாது, வெளிச்சத்தை நோக்கிப் போய்க் கடலுக்கு வழி தவறிவிடும்.

ஆயிரம் படம் இருக்கிறது. நான் ஒன்றில்கூட இல்லை.

எங்களிடம் அதிகம் வருவது இந்தக் கேள்விதான், மனது கனக்கிறது. அப்பாவும் பாட்டியும் எல்லாப் படத்திலும் இருப்பார்கள், தூக்கிச் சுமந்தவள் மட்டும் இருக்க மாட்டாள். போனை ஒரு செருப்பின் மேல் சாய்த்து, அலைக்கு எட்டாத இடத்தில் வைத்து, பத்து விநாடி டைமர் போடுங்கள். இல்லையென்றால் வீடியோவை ஓட விட்டுவிட்டுப் பிள்ளையோடு பத்து நிமிடம் விளையாடுங்கள், பிறகு நல்ல கணத்தை நிறுத்திப் படமாக எடுத்துக்கொள்ளலாம். கூட வந்தவரிடம் “எடுங்க” என்று மட்டும் சொன்னால் நின்ற இடத்திலிருந்து ஒன்று எடுத்துக் கொடுத்துவிடுவார். “முட்டி போட்டு உட்காருங்க, நான் இவளைத் தூக்கிச் சுத்தறேன், நிறுத்தாம அமுக்கிக்கிட்டே இருங்க” என்று சொல்லிக் கொடுங்கள். ஐந்து வயதுப் பிள்ளையிடம் கழுத்தில் பட்டையோடு போனைக் கொடுத்துப் பாருங்கள். தலை வெட்டுப்படும், கோடு சாயும், ஆனாலும் பிள்ளை அண்ணாந்து பார்க்கும் உங்கள் முகம் அதில் இருக்கும்.

கலைந்த முடி, நனைந்த சுடிதார், பிரசவத்துக்குப் பிறகு பெருத்த வயிறு என்று அழிக்கத் தோன்றும் படத்தை அன்றே அழிக்காதீர்கள், ஆறு மாதம் கழித்து ஒரு தடவை பாருங்கள்.

பிள்ளை குளிக்கும் படத்தை ஸ்டேட்டஸில் போடலாமா?

உடையில்லாத படம் வேண்டாம், குடும்பக் குழுவிலும் வேண்டாம். தங்கியிருக்கும் ஊரில் இருக்கும்போதே இடத்தின் பெயரோடு போடாதீர்கள், வீடு திரும்பிய பிறகு போடுங்கள். கேமரா அமைப்பில் இடத்தகவலை அணைத்துவையுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அளவு சுருங்கும்; ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினால் முழு அளவில் போகும், ஆனால் எடுத்த இடத்தின் தகவலும் கூடவே போகும்.

பிரின்ட் போட எந்த அளவு?

4×6 அங்குலத்துக்கு 1200×1800 பிக்சல் இருந்தால் தெளிவாக வரும், இன்றைய எந்தப் போனிலும் அதற்கு மேலேயே கிடைக்கிறது. வாட்ஸ்அப்பில் வந்த படத்தை விட்டு, போனில் உள்ள மூலப் படத்தையே ஸ்டூடியோவில் கொடுங்கள். மேட் தாள் வாங்குங்கள், பிள்ளைகளின் விரல் தடம் பதியாது. பின்பக்கம் எழுதுவதானால் பால்பாயின்ட் பேனா முன்பக்கம் புடைக்கும், ஓரமாக மென்பென்சிலால் அழுத்தாமல் எழுதுங்கள். ஊர், தேதி, பிள்ளைக்கு அன்று எத்தனை மாதம், படத்தை எடுத்தது யார்.